கோடையில் குடும்பத்தோடு ராமேஸ்வரம்: மதுரையிலிருந்து இரண்டு நாள் கார் பயணம்

மதுரைக்காரர்களுக்குத் தீவு என்றால் அது ராமேஸ்வரம்தான். விரகனூர் ரிங்ரோட்டில் ஏறினால் 170 கிலோமீட்டர் சொச்சம். படகு, கப்பல் எதுவும் வேண்டாம், கடலுக்கு மேலேயே ஓட்டிக்கொண்டு போய்விடலாம். பள்ளிக்கூடம் லீவு விட்டதும் பிள்ளைகள் எங்கேயாவது கூட்டிப்போகச் சொல்லி நச்சரிக்கும்போது, கொடைக்கானலுக்கு அடுத்தபடியாக எல்லார் வாயிலும் வருகிற ஊர் இதுதான். ஆனால் கொடைக்கானலுக்குக் கிளம்புகிற மாதிரி இங்கே கிளம்பிவிடக் கூடாது. மே மாதத்துத் தீவு வேறு மாதிரி.

முதல் தடவை நாங்கள் காலை ஒன்பது மணிக்கு வீட்டை விட்டுக் கிளம்பினோம். கோயில் வாசலுக்குப் போய்ச் சேர்ந்தபோது மணி ஒன்றைத் தாண்டியிருந்தது, நடை சாத்திவிட்டார்கள். மூன்று மணிக்குத்தான் திறப்பார்கள், அதுவரை சும்மா இருப்பானேன் என்று அந்த வெயிலிலேயே தனுஷ்கோடிக்கு வண்டியை விட்டோம். சின்னவள் செருப்பைக் கழற்றிப் போட்டுவிட்டு மணலில் இறங்கி ஓடினாள். பத்து அடிகூடப் போகவில்லை, அலறிவிட்டாள். தூக்கிக்கொண்டு வந்து பார்த்தால் இரண்டு பாதமும் செக்கச் செவேல் என்று இருந்தன. என் அத்தைக்குத் தலைசுற்றல். யாரும் எதையும் பார்க்கவில்லை, ஊர் திரும்பினால் போதும் என்றாகிவிட்டது.

அதற்கப்புறம் பல தடவை போய்விட்டோம், எல்லாமே கோடையில்தான். மாற்றியது ஒன்றே ஒன்று. தீவில் எதை எந்த நேரத்தில் பார்ப்பது என்பதை வெயிலைக் கேட்டு முடிவு செய்கிறோம். விடியற்காலையும் சாயங்காலமும் வெளியே. காலை பதினொன்றிலிருந்து மூன்று வரை கூரைக்கு அடியில். இதற்கு ஒரு நாள் போதாது, இரண்டு நாளும் ஒரு ராத்திரியும் வேண்டும். முதன்முறை போகிறவர்களுக்காக, நாங்கள் செய்வதை அப்படியே வரிசையாகச் சொல்கிறேன்.

முதலில் காலண்டரைப் பாருங்கள்

அமாவாசை அன்று போகாதீர்கள். திதி கொடுக்கவும் தீர்த்தமாடவும் எங்கெங்கிருந்தோ கூட்டம் வந்து இறங்கும். குழந்தையையும் வயதானவர்களையும் வைத்துக்கொண்டு அந்த நெரிசலில் நிற்க முடியாது. சனி, ஞாயிறும் வேண்டாம். செவ்வாய், புதன் மாதிரி ஒரு வாரநாளில் கிளம்பினால் அறை வாடகையும் குறையும், கோயில் வரிசையும் குறையும்.

சித்ரா பௌர்ணமியை ஒட்டிய நாட்களையும் தள்ளிவையுங்கள். அழகர் ஆற்றில் இறங்குவது மதுரையில் மட்டும் இல்லை. மானாமதுரையிலும் பரமக்குடியிலும் வைகையில் இறங்குகிறார். நாம் போகிற பாதையில் மூன்று ஊரிலும் திருவிழா என்றால் வண்டி நகராது.

கத்திரி மே 4 வாக்கில் தொடங்கி மாதக் கடைசி வரை இருக்கும். முடிந்தால் ஏப்ரல் கடைசியிலோ ஜூன் முதல் வாரத்திலோ போய்விட்டு வாருங்கள். கத்திரியில்தான் முடியும் என்றாலும் பரவாயில்லை, நேரத்தைக் கடைப்பிடித்தால் சமாளிக்கலாம்.

மீன் சாப்பிடவே போகிறவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகுகள் கடலுக்குப் போகாது. பாம்பனிலும் ராமேஸ்வரத்திலும் அவை வரிசையாகக் கட்டிக் கிடப்பதைப் பார்க்கலாம். நாட்டுப்படகுக்காரர்கள் பிடித்து வருவது மட்டும் கிடைக்கும். விலை கூடத்தான் இருக்கும், ஆனால் அன்றன்றைக்குப் பிடித்த மீனாக இருக்கும். சமைப்பவரிடம் ‘இன்னைக்கு வந்தது என்ன?’ என்று கேட்டுச் சாப்பிடுங்கள்.

வண்டியும் சாப்பாடும்

சக்கரத்துக்குக் காற்றை முந்தின நாள் காலையில், வண்டி ஓடிச் சூடாவதற்கு முன்னால் பிடியுங்கள். ஸ்டெப்னியையும் மறக்காமல் பார்க்கச் சொல்லுங்கள். கூலன்ட், ஏசி இரண்டும் சரியாக இருக்கிறதா என்பதைப் புறப்படும் காலையில் கண்டுபிடித்துப் பயனில்லை. வழியில் சுங்கச்சாவடி உண்டு, பாஸ்டேக்கில் பணம் இருக்கட்டும்.

எடுத்துவைக்க வேண்டியவை: ஆளுக்கு இரண்டு லிட்டர் கணக்கில் தண்ணீர், ஓஆர்எஸ் பொட்டலம், தொப்பி, எல்லாருக்கும் பிடிப்புள்ள செருப்பு, இரண்டு பழைய பெட்ஷீட், ஒரு குடை. பெட்ஷீட்டில் ஒன்று விரித்து உட்கார, இன்னொன்று மணலோடு ஏறும் பிள்ளைகளுக்காகப் பின்சீட்டில் போட.

வழியில் ஓட்டல்கள் இருந்தாலும் மதியச் சாப்பாட்டைக் கட்டிக்கொண்டு போவதுதான் எனக்குப் பிடிக்கும். புளியோதரை கெடாது, அதைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. தயிர்சாதம்தான் இந்த வெயிலில் புளித்துப்போகும். அத்தை செய்வது இப்படி: சோற்றைக் குழைய வடித்து, சூட்டோடு மசித்து, ஆறியதும் காய்ச்சி ஆறவைத்த பாலை நிறைய ஊற்றி, தயிர் ஒரே ஒரு கரண்டி மட்டும் விட்டுப் பிசைவார். உப்பு, கடுகு தாளித்தது, கொஞ்சம் இஞ்சி. விடியற்காலை நாலு மணிக்குப் பால்சோறாகத் தூக்கில் போவது, மதியம் திறக்கும்போது சரியாக உறைந்து தயிர்சாதமாக இருக்கும். தொட்டுக்கொள்ள மாவடு. இந்தப் பயணத்தில் பிள்ளைகள் வேண்டாம் என்று சொல்லாத சாப்பாடு இது ஒன்றுதான்.

நாலரை மணிக்குக் கிளம்புங்கள்

ஐந்து என்று வைத்துக்கொண்டால் ஆறாகிவிடும். அதனால் நாலரை. பிள்ளைகளைத் தூக்கத்தோடு தூக்கி வண்டியில் போட்டுக்கொள்ளலாம்.

பாதை குழப்பமே இல்லாதது. சிலைமான், திருப்புவனம், மானாமதுரை, பரமக்குடி, ராமநாதபுரம், உச்சிப்புளி, மண்டபம், பாம்பன். வைகை நம்மோடு கூடவே வரும். கோடையில் தண்ணீர் இல்லாமல் மணலும் கருவேலமுமாகத்தான் கிடக்கும், ஆனாலும் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். நம் ஊர் ஆறு கடைசியில் போய்ச் சேருவது ராமநாதபுரம் பெரிய கண்மாய்க்கு. ‘ஆறு கடலுக்குப் போகும்னுதானே டீச்சர் சொன்னாங்க?’ என்று பெரியவன் கேட்டபோது, வழிநெடுக உள்ள கண்மாய்களைக் காட்டித்தான் பதில் சொன்னேன்.

கீழடி அருங்காட்சியகமும் இந்தப் பாதையில்தான் இருக்கிறது. போகும்போது அது திறந்திருக்காது. அதை இந்தப் பயணத்தில் சேர்க்காதீர்கள், தனியாக ஒரு அரைநாள் ஒதுக்கிப் பார்க்க வேண்டிய இடம் அது.

பரமக்குடி வரை நான்கு வழிச்சாலை, நிம்மதியாகப் போகலாம். அதற்கு அப்புறம்தான் கவனம் வேண்டும். எதிரும் புதிருமாக லாரி, பஸ், சுற்றுலா வேன் எல்லாம் ஒரே சாலையில் வரும். ஓட்டுகிறவர் தூங்காமல் வந்தவராக இருந்தால் பரமக்குடியில் ஒரு டீக்கு நிறுத்துங்கள். ஆடு, மாடு ரோட்டில் படுத்திருக்கும் நேரமும் அதுதான்.

ராமநாதபுரத்தில் காலை டிபனை முடித்துவிட்டு, டீசலோ பெட்ரோலோ அங்கேயே நிரப்பிக்கொள்ளுங்கள். ஊரைத் தாண்டியதும் பனைமரங்கள் தொடங்கும். மே மாதம் நுங்குக் காலம். ரோட்டோரத்தில் குலையைப் போட்டு உட்கார்ந்திருப்பார்கள். சீவிக் கொடுப்பதை வாங்கிக் கட்டைவிரலால் நோண்டிச் சாப்பிடப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். முதல் நுங்கில் தண்ணீர் முகத்தில் பீய்ச்சி அடிக்கும், இரண்டாவதில் பழகிவிடும். வெயிலுக்கு இதைவிட நல்லது எதுவும் கடையில் கிடைக்காது.

பாலம்

எட்டு, எட்டேகாலுக்கு மண்டபம் தாண்டிவிடலாம். சாலைப் பாலம் 1988 அக்டோபர் 2ஆம் தேதி திறக்கப்பட்டது, நீளம் 2 கிலோமீட்டருக்கு மேல். பக்கத்திலேயே ரயில் பாலம். 1914இல் திறந்த பழைய பாலம், ரயில் ஓடிய காலத்தில் கப்பல் வந்தால் நடுவில் இரண்டு பக்கமும் கதவு மாதிரி மேலே திறந்தது. 2025 ஏப்ரல் 6ஆம் தேதி திறந்த புதிய பாலத்தில் 72.5 மீட்டர் நீளமுள்ள நடுத்துண்டு அப்படியே லிப்ட் போல மேலே ஏறுகிறது.

எல்லாரும் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்தி இறங்குகிறார்கள். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். ஓரமாக நிறுத்தக்கூட அங்கே இடம் போதாது, பின்னால் வருகிற பஸ்காரருக்கு நீங்கள் நிற்பது கடைசி நொடியில்தான் தெரியும், பிள்ளைகளோ கைப்பிடிச் சுவரை நோக்கி ஓடும். வேகத்தைக் குறைத்து ஓட்டுங்கள், கண்ணாடியை இறக்கிவிடுங்கள். உப்புக்காற்று முகத்தில் அடிக்கும், கீழே பச்சையும் நீலமுமாகத் தண்ணீர் தெரியும். நின்று பார்க்க ஆசையாக இருந்தால் பாலம் முடிந்து பாம்பனில் வண்டியைப் பத்திரமாக நிறுத்திவிட்டு, கரையில் நடந்து போய்ப் பாருங்கள். ரயில் வருகிற நேரம் வாய்த்தால் பிள்ளைகளை அங்கிருந்து கிளப்புவது கஷ்டம்.

முதல் நாள்

பாம்பனிலிருந்து தங்கச்சிமடம் வழியாக ஊருக்குள் போகும்போது, பேக்கரும்பில் அப்துல் கலாம் நினைவிடம் வரும். 2015இல் அவரை அடக்கம் செய்த இடம், நினைவிடம் 2017இல் திறக்கப்பட்டது. காலையிலேயே பார்த்துவிடுங்கள், உள்ளே நிதானமாக ஒரு மணி நேரம் ஆகும். பேப்பர் போட்ட பையன் ராக்கெட் விட்ட கதையைப் பிள்ளைகளுக்கு அங்கே வைத்துச் சொன்னால் மனதில் நிற்கும்.

பதினொன்றுக்குள் அறைக்குப் போய்விடுங்கள். அறையை முன்கூட்டியே பதிவு செய்யும்போது மூன்றே மூன்று கேள்வி கேளுங்கள்: குளிக்கத் தண்ணீர் நல்ல தண்ணீரா, மதியமும் ஏசி ஓடுமா, வண்டி நிறுத்த உள்ளேயே இடம் உண்டா. கோயிலைச் சுற்றியுள்ள தெருக்கள் குறுகல், கண்ட இடத்தில் நிறுத்த முடியாது. கோயிலுக்கு நடந்துபோகும் தூரத்தில் அறை எடுத்தால் மறுநாள் விடியலில் வண்டியைத் தொடவே வேண்டாம்.

சாப்பிட்டுவிட்டுத் தூங்குங்கள். ‘இவ்வளவு தூரம் வந்து தூங்கவா?’ என்று என் வீட்டுக்காரர் ஒவ்வொரு தடவையும் கேட்பார். ஆமாம், தூங்கத்தான். நாலரைக்குக் கிளம்பியவர்களுக்குச் சாயங்காலம் கண் திறந்திருக்க வேண்டும் என்றால் இந்த இரண்டு மணி நேரம் வேண்டும்.

மூன்று மணிக்குத் தனுஷ்கோடிக்குப் புறப்படுங்கள். இன்னும் தள்ளிப் போடாதீர்கள், இருட்டுவதற்கு முன்பே போலீஸார் எல்லாரையும் திருப்பி அனுப்பிவிடுவார்கள். சாயங்காலம் நேரம் தாண்டிப் போனால் சோதனைச்சாவடியிலேயே மறித்துவிடுவார்கள். வழியில் கோதண்டராமர் கோயில், 1964 புயலுக்குத் தப்பிய கோயில். ஒரு கால்மணி நேரம் போதும்.

முகுந்தராயர் சத்திரம் தாண்டியதும் சாலையின் இரண்டு பக்கமும் கடல்தான். 2017க்கு முன்னால் இந்தச் சாலையே கிடையாது, வேனில் ஏறி மணலிலும் தண்ணீரிலும் குலுங்கிக்கொண்டு போக வேண்டும். இப்போது அரிச்சல்முனை வரை நம் காரிலேயே போகலாம். போகும்போது இடது பக்கம் பாக் நீரிணை, வலது பக்கம் மன்னார் வளைகுடா. முனையில் கருவாடு விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மாவிடம், எந்தப் பக்கம் கால் நனைக்கலாம் என்று கேட்டேன். வலது பக்கம் கையை நீட்டி, ‘அங்கிட்டு ஆம்பளக் கடல் தாயி, இறங்கிராதீக. கச்சான் அடிக்கிற காலம். இங்கிட்டுத்தான் பொம்பளக் கடல்’ என்றார்.

ஆண் கடல், பெண் கடல் என்றுதான் அங்கே எல்லாரும் சொல்வார்கள். கச்சான் என்பது தென்மேற்கிலிருந்து வருகிற காற்று. கோடையில் அது மன்னார் வளைகுடாப் பக்கத்தைக் கிளப்பிவிடும், வடக்குப் பக்கம் குளம் போலக் கிடக்கும். ஐப்பசி, கார்த்திகையில் வாடைக்காற்று வந்தால் இதுவே தலைகீழாகும். இதைத் தெரிந்துகொண்டால் தீவில் எங்கே இறங்கலாம், எங்கே கூடாது என்பது பாதி தெரிந்த மாதிரி. ஆனால் அரிச்சல்முனையில் எந்தப் பக்கமும் குளிக்க இறங்கக் கூடாது. இரண்டு கடலும் சேருகிற இடம், கரையோரமே திடீரென்று ஆழமாகும், நீரோட்டம் இழுக்கும். கால் நனைப்பதுகூட உங்கள் கை பிள்ளையின் கையில் இருக்கும்போது மட்டும்.

கார்ச் சக்கரம் தாரை விட்டு இறங்கவே கூடாது. மேலே கெட்டியாகத் தெரிகிற மணல் உள்ளே பொடியாக இருக்கும். ஒரு தடவை போட்டோ எடுக்க இரண்டே அடி ஓரம் கட்டினோம், முன்சக்கரம் பாதி புதைந்துவிட்டது. ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் உள்ளே போனது. வலை உலர்த்திக்கொண்டிருந்த இரண்டு தம்பிகள் ஓடி வந்து வண்டியை அணைக்கச் சொன்னார்கள். சக்கரத்தைச் சுற்றிக் கையாலேயே மணலை அள்ளினார்கள், காற்றைப் பாதி இறக்கிவிட்டார்கள், பனைமட்டையைச் சக்கரத்துக்கு முன்னால் செருகினார்கள். ‘மெதுவா, ரெண்டாவது கியர்ல எடுங்கண்ணே’ என்றார்கள். ஒரே தள்ளில் மேலே வந்தது. பணம் கொடுத்தபோது வாங்கவில்லை, எங்கள் தயிர்சாதத் தூக்கைத்தான் வாங்கிக்கொண்டார்கள்.

திரும்பும்போது பழைய ஊரில் இறங்குங்கள். தேவாலயத்தின் சுவர், ரயில் நிலையத்தின் மிச்சம், பவளக்கல் தெரிகிற கட்டடங்கள். 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் இந்த ஊரே போயிற்று. பாம்பனிலிருந்து வந்துகொண்டிருந்த ரயில், பயணிகளோடு கடலில் போயிற்று. அந்தச் சுவர்கள் மேல் ஏறி நின்று படம் எடுக்கிறார்கள், பார்க்க மனது வலிக்கிறது. சுவர்களும் உதிர்ந்துகொண்டிருக்கின்றன. பிள்ளைகளிடம் நடந்ததை முதலில் சொல்லிவிட்டு உள்ளே கூட்டிப் போங்கள், தாமாகவே அமைதியாக நடப்பார்கள். அங்கே இன்றைக்கும் மீனவக் குடும்பங்கள் கொட்டகை போட்டு வாழ்கிறார்கள். மணலில் தோண்டிய ஊற்றில் நல்ல தண்ணீர் இறைப்பதைப் பார்க்கலாம். கடலிலிருந்து கூப்பிடு தூரத்தில் அந்தத் தண்ணீர் உப்புக் கரிக்காமல் இருக்கிறது.

அங்கே விற்கிற பாசி, சோழி வேலைப்பாடுகளை வாங்கலாம். பவளப்பாறைத் துண்டுகளை மட்டும் வாங்காதீர்கள், கரையில் கிடந்தாலும் எடுத்து வராதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி பவளம் பாதுகாக்கப்பட்டது.

இரண்டாம் நாள்

அத்தை இந்தப் பயணத்துக்கு ஒப்புக்கொள்வதே இந்த விடியற்காலைக்காகத்தான். நாலரைக்கு எழுந்து அக்னி தீர்த்தத்துக்குப் போய்விடுங்கள். அது கோயிலுக்குக் கிழக்கே உள்ள கடல்தான், அலை இருக்காது. கடலில் முழுகிவிட்டு, ஈர உடையோடு கோயிலுக்குள் 22 தீர்த்தம். சீட்டு வாங்கிக்கொண்டு வரிசையில் போக வேண்டும். ஒவ்வொரு கிணற்றுச் சுவரிலும் ஒருவர் நின்றுகொண்டு வாளியை விட்டு இறைத்துத் தலையில் ஊற்றுவார். ஒரு கிணற்றுத் தண்ணீர் சில்லென்றும் அடுத்தது வெதுவெதுப்பாகவும் இருக்கும். எங்கள் பிள்ளைகள் எண்ணிக்கொண்டே வருவார்கள்.

தரை முழுக்க ஈரக் கருங்கல், வழுக்கும். வயதானவர்களை ஒருவர் கைபிடித்தே கூட்டிப் போக வேண்டும். புடவை, வேட்டி தடுக்காத மாதிரி தூக்கிச் செருகிக்கொள்ளச் சொல்லுங்கள். ஈர உடையோடு சாமி பார்க்க விடமாட்டார்கள். அதனால் மாற்றுத்துணியை ஆளுக்கு ஒரு பையாக முந்தின ராத்திரியே கட்டி வைத்துவிட வேண்டும். ஒரே பையில் எல்லாருடையதையும் திணித்தால், அந்த ஈரத்தில் தேடி எடுப்பதற்குள் போதும் போதுமென்றாகிவிடும். செல்போனை அறையிலேயே வைத்துவிடுங்கள், கோயிலுக்குள் அனுமதி இல்லை.

தரிசனம் முடிந்ததும் வெளியே ஓடாதீர்கள். வெளிப்பிராகாரத்தை ஒரு சுற்று நிதானமாக நடங்கள். 1212 தூண். ஒரு மூலையில் நின்று பார்த்தால் அடுத்த முனை கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருக்கும். வெளியே வெயில் ஏறினாலும் இந்தக் கல் குளிர்ச்சியாகவே இருக்கும். தீவிலேயே எனக்குப் பிடித்த நிழல் இதுதான்.

டிபன், மறுபடி அறை. காலி செய்யும் நேரத்தைக் கேட்டு வைத்துக்கொண்டு அதுவரை ஓய்வு. வெயிலைப் பொறுத்துக்கொள்ள முடியும் என்றால் போகிற வழியில் தங்கச்சிமடத்துக்குப் பக்கத்தில் வில்லூண்டி தீர்த்தம் பார்க்கலாம், கடலுக்குள் நல்ல தண்ணீர்க் கிணறு. ராமர் பாதம் உயரமான இடம், படியேற வேண்டும், அதைக் காலையிலோ சாயங்காலத்திலோ மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். குருசடைத் தீவுக்குப் படகில் போக ஆசைப்பட்டால் பாம்பனில் விசாரியுங்கள், கடல் கொந்தளிப்பாக இருந்தால் படகு விடமாட்டார்கள்.

பிள்ளைகள் கடலில் ஆட்டம் போட வேண்டாமா? அதற்கு அரியமான். பாலம் தாண்டித் திரும்பி வரும்போது, உச்சிப்புளிக்கு முன்னால் பிரிந்து போக வேண்டும். வடக்குப் பக்கத்துக் கரை, அதனால் கச்சான் காலத்தில் அலையே இல்லாமல் இருக்கும். ரொம்ப தூரம் வரை இடுப்பளவுத் தண்ணீர்தான், கரையில் சவுக்குத் தோப்பு. நாலு மணிக்குப் போய், பெட்ஷீட்டை நிழலில் விரித்து அத்தையை உட்காரவைத்துவிட்டு, பிள்ளைகளோடு இறங்குங்கள். அலை இல்லை என்பதற்காகக் கண்ணை எடுத்துவிடக் கூடாது, பெரியவர் ஒருவர் அவர்களுக்கு அப்பால், கடல் பக்கமாக நிற்க வேண்டும்.

ஐந்தரைக்குக் கிளம்பிவிட்டால் பரமக்குடி வரையான பாதையில் பெரும்பகுதியை வெளிச்சத்திலேயே கடந்துவிடலாம். ராமநாதபுரத்தில் முண்டு வத்தலும் கருப்பட்டியும் வாங்கிக்கொள்ளுங்கள். கருவாடு வாங்கியிருந்தால் மூன்று பாலிதீன் பைக்குள் கட்டி டிக்கியில் போடுங்கள், அப்படியும் வாசனை வரும். ஒன்பது மணிக்குள் வீடு.

மறுநாள் காலை முதல் வேலை, வண்டியைத் தண்ணீர் சர்வீஸுக்கு விடுவது. மேலே கழுவினால் போதாது, அடிப்பக்கத்துக்கும் நான்கு சக்கரத்துக்குப் பின்னாலும் தண்ணீரைப் பீய்ச்சி அடிக்கச் சொல்லுங்கள். உப்புக்காற்று பட்ட இரும்பை ஒரு வாரம் அப்படியே விட்டால் துருப்பிடிக்கத் தொடங்கிவிடும். காருக்குள் கிடக்கும் கால்மிதியை எடுத்து உதறும்போது மணல் கொட்டும். இரண்டாவது தடவை உதறினாலும் கொட்டும்.